கிதாப் சாஹிப்பும் மிதிக்கக் கூடாத மணலும்

கிதாப் சாஹிப்புக்கு இயக்குநரோடு சண்டை வந்து, ஆத்திரத்தில் தன் படத்தின் கடைசிக் காட்சிக்கு வைத்திருந்த மணல்மேட்டின் மேல் தானே காரை ஏற்றிக் கெடுத்துவிட்டார் என்று அபுதாபி சினிமா ஆட்களிடையே ஒரு கதை உலவுகிறது. போன மாதம் நிவேதா அதை என்னிடமே சொன்னாள். நான் ஓய்வுபெற்ற கம்பெனியில் இப்போது லொகேஷன் வேலை பார்க்கும் பெண் அவள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "அங்கிள், அந்த ஜப்பான் புரொடியூசர் கொஞ்சம் மேட் தானே?" என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. கார் ஏறியது உண்மை. அந்தக் காரை ஓட்டியவனே நான். மற்றதெல்லாம் எவனோ டீ குடிக்கும்போது சேர்த்த மசாலா.

அன்று அவள் எனக்கு ஒரு புது ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்கப் பாலைவனம். பட்டனைத் தட்டினால் காலை வெயில், இன்னொன்றைத் தட்டினால் அந்தி. நடிகர் ஏசியில் நின்று நடித்துவிட்டுப் போகலாம். நல்லதுதான், யாருக்கும் வெயில் பட வேண்டியதில்லை. அந்தத் திரையின் மணல்மேட்டில் ஒரு சுவடு கூட இல்லை என்று அவள் பெருமையாகக் காட்டியபோதுதான் பேச்சு கிதாப் சாஹிப்பிடம் போனது. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முட்டம் பக்கத்துக் கடற்கரைக்காரன். அப்பன் வலை இழுத்தார், நான் வெல்டிங் படித்து அபுதாபி முசஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். ஒரு நாள் சினிமாக்காரர்கள் கேமரா வண்டி ஓட இரும்புத் தண்டவாளம் செய்யக் கேட்டார்கள். செய்து கொடுத்தோம். பாலைவனத்தில் வெல்டிங் விட்டுப்போனால் ஒட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒட்டப் போனவன் அப்படியே ஒட்டிக்கொண்டேன். ஜெனரேட்டர், கூடாரம், கழிவறை, தண்ணீர், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்து, கடைசியில் லொகேஷன் சூப்பர்வைசர் என்று பேட்ஜ் மாட்டினார்கள். ஒன்றுமே இல்லாத இடத்துக்கு இருநூறு பேரைக் கொண்டுபோய், சோறு போட்டு, படம் பிடிக்க வைத்து, யாருமே வராத மாதிரி இடத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் என் வேலை.

கிதாப் சாஹிப்பை முதலில் பார்த்தது ஓமானில், சோஹாரில். துறைமுகத்தில் ஒரு படம் எடுக்க வந்திருந்தார். அவருடைய தாத்தா டோக்கியோவில் புத்தகம் பதிப்பிக்கும் கம்பெனி தொடங்கியவர். அப்பா அதைப் பெரிதாக்கினார். அண்ணன் அப்பாவின் நாற்காலிக்குத் தயாரானபோது, தம்பியான இவர் தன் பங்கோடு சினிமாவுக்கு வந்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தங்கள் கம்பெனி வெளியிட்ட நாவல்களை மட்டும்தான் படமாக்குவார். படம் வெளிவரும் அதே நாளில் அந்தப் புத்தகம் புது அட்டையோடு கடைகளில் குவியும். பார்த்தவன் படிக்க வேண்டும், படித்தவன் பார்க்க வேண்டும். அவர்கள் ஊரில் முதலில் சிரித்தார்களாம், பிறகு எல்லோரும் அதையே செய்தார்களாம். இதெல்லாம் காரில் போகும்போது அவர் தன் சிறிய இங்கிலீஷில், என் சிறிய இங்கிலீஷுக்குத் தக்கபடி சொன்னது.

சோஹாரில் முதல் நாள் காலை அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. பிரியாணி என்று நினைத்து எல்லோரும் கூடிவிட்டோம். திறந்தால் புத்தகம். சமையல்காரர், டிரைவர், செக்யூரிட்டி என்று ஆளுக்கொன்று. முழுக்க ஜப்பான் எழுத்து. எங்கள் பட்டாணி டிரைவர் குல் கான் அதை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, ஒரு படம் கூட இல்லையே பாய் என்று வருத்தப்பட்டான். ஒரு மாதம் இதைத்தான் நீங்கள் சுமக்கப் போகிறீர்கள், சுமக்கிறவனுக்குப் பாரம் என்னவென்று தெரிய வேண்டாமா என்று அந்த மனிதர் சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் கிதாப் சாஹிப், அதாவது புத்தக முதலாளி. சொந்தப் பெயரை எழுத அவரிடம் நான் அனுமதி வாங்கவில்லை, ஆகவே இங்கேயும் அதுவே இருக்கட்டும்.

ஒரு வாரம் கழித்துச் சமையல் கூடாரத்தில் மேஜைக் காலுக்கு அடியில் அந்தப் புத்தகம் ஒன்று இருப்பதை அவர் பார்த்துவிட்டார். அவர் குனிந்து பார்த்தார், மேஜையை ஒரு கையால் அழுத்தினார். ஆடவில்லை. "மாஃபி முஷ்கில்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிரச்சினை இல்லை என்கிற இந்த இரண்டு சொல்தான் அவருக்குத் தெரிந்த அரபி, கிளம்பு என்கிற யல்லாவைத் தவிர. டீ கொடுத்தாலும் மாஃபி முஷ்கில், காலை வணக்கம் சொன்னாலும் மாஃபி முஷ்கில். டிரைவர்கள் அவருக்குப் பின்னால் அதையே சொல்லிச் சிரிப்பார்கள்.

அவருடைய வேலை முறை ஒன்றை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு, மறுநாள் எடுக்கப்போகும் காட்சியைக் கூடாரத்தில் எல்லோருக்கும் கேட்க ஓர் உதவியாளர் இங்கிலீஷில் வாசிப்பார். மூன்று முறை. முதல் முறை புரிந்துகொள்ள. இரண்டாவது முறை குறை கண்டுபிடிக்க, யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். மூன்றாவது முறை யாரும் பேசக்கூடாது, கேட்க மட்டும். அது முடிந்ததும் அவர் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு டிக் போடுவார். போட்டாச்சு என்றால் அது அச்சுக்குப் போன மாதிரி. அதற்கப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்றம் கிடையாது.

சோஹாரில் ஓர் இயக்குநர், டிக் போட்ட பிறகு, மஞ்சள் படகை நீலமாக்கினால் கடலில் நன்றாக இருக்கும் என்று கெஞ்சினார். கிதாப் சாஹிப் குரலை உயர்த்தவில்லை. அத்தனை வருடத்தில் ஏசிச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் போய் நான் கேட்டதில்லை. படம் பார்த்தவன் போகிற வழியில் புத்தகம் வாங்குவான், திறந்தால் அதில் படகு மஞ்சள், அப்போது நீங்களும் பொய்யர், நாங்களும் பொய்யர் என்றார். படகு மஞ்சளாகவே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எங்களைப் போன்ற ஆட்களுக்கு அவர் தெய்வம் மாதிரி. காலையில் ஒன்று, டீ இடைவேளையில் ஒன்று என்று பேச்சு மாறும் யூனிட்டுகளில் வேலை பார்த்தவனுக்குத்தான் அந்தச் சிவப்பு டிக்கின் அருமை தெரியும். அவர் படத்தில் மட்டும் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

இனி அந்த மணல்மேட்டுக்கு வருகிறேன். எங்களோடு அவர் எடுத்த மூன்றாவது படம் அது. கதையின் கடைசிப் பக்கத்தில், எல்லாவற்றையும் இழந்த ஒருவன் மனிதக் கால் படாத ஒரு மணல்மேட்டின் முன்னால் வந்து நிற்கிறான். வெகுநேரம் நிற்கிறான். பிறகு அதை மிதிக்காமல் திரும்பிப் போகிறான். அவ்வளவுதான், அதோடு நாவல் முடிகிறது. முந்தைய வருடமே அவரை லிவா என்ற பாலைவன ஊருக்கு அப்பால் கூட்டிக்கொண்டு நான் அலைந்து கண்டுபிடித்த மேடு அது. அவரே எடுத்த அதன் புகைப்படம்தான் புத்தகத்தின் புது அட்டை. அட்டை அச்சாகிவிட்டது, தியேட்டர்கள் பேசியாகிவிட்டது. அப்பா இறந்து, அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம். படமும் புத்தகமும் ஒரே நாளில், ஒரே மாதிரி வரவில்லை என்றால் சினிமாப் பிரிவை மூடிவிடுவதாக அண்ணன் சொல்லியிருந்தார். இன்றைக்கு வெயில் அதிகம் என்பது போல் கிதாப் சாஹிப் இதைக் காரில் என்னிடம் சொன்னார்.

மணலைக் காப்பது என்றால் சிரிப்பாக இருக்கும். காற்று மணலில் போடும் சின்னச் சின்ன வரிகளை மனிதக் கையால் போட முடியாது. துடைப்பத்தால் பெருக்கலாம், புளோயர் வைத்து ஊதலாம், மதியம் பார்த்தால் சரியாகவே இருக்கும். சாய்ந்த வெயில் வந்ததும் பெருக்கின இடமெல்லாம் தேமல் மாதிரித் தெரிந்துவிடும். இரவுக் காற்று ஒன்றுதான் அதைச் சரிசெய்யும். ஆகவே மேட்டைச் சுற்றிச் சிவப்புக் கொடி நட்டோம். இரண்டாவது கேமராவுக்காக மேட்டின் பின்பக்கமும் கொடி வரிசை நீண்டது. கூடாரங்கள் ஒரு பக்கம். லாரிகள் நிற்கக்கூடிய கெட்டித் தரை மேட்டுக்கு மறுபக்கம். நடுவே போக ஒரு சுற்றுப்பாதை, அதில் குல் கானின் கார் ஓடிக்கொண்டிருக்கும்.

கொடியைத் தாண்டினால் விசா கேன்சல் என்று எங்கள் கம்பெனி ஆள் ஒருவர் ஹிந்தியில் அறிவித்தார். கல்ஃபில் இந்த மிரட்டல் எல்லாவற்றுக்கும் உண்டு. ஹெல்மெட் போடாவிட்டால் கேன்சல், பஸ்ஸுக்குப் பிந்தினால் கேன்சல். பழைய ஆட்கள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவோம். முருகேசன் பழைய ஆள் இல்லை. சிவகங்கைப் பக்கம் போர்வெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு அந்த வருடம்தான் முதல் விசாவில் வந்து, எங்கள் தண்ணீர் டேங்கரை ஓட்டினான். பழைய விபத்தில் அடிபட்டு வலது கால் கொஞ்சம் இழுக்கும். ஊரில் வீடு சுவரோடு நின்றிருந்தது. கேன்சல் என்ற சொல் காதில் விழுந்தாலே அவனுக்கு முகம் வெளுத்துவிடும்.

அது கடைசி நாள். மே மாத வெயில். மறுநாளிலிருந்து பல நாட்களுக்குப் புழுதிக்காற்று என்று சொல்லியிருந்தார்கள், நடிகரும் விமானம் ஏறுகிறார். சூரியன் மறையும் நேரத்தில் அந்த ஒரே காட்சி பாக்கி. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சமையல்காரர் கத்தினார். முருகேசனை வாக்கி டாக்கியில் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஐஸ் வாங்கப் போயிருந்த குல் கான் திரும்பும் வழியில் கெட்டித் தரைக்குப் போய்ப் பார்த்தான். டேங்கர் நிற்கிறது, கேபின் ஏசி ஓடவில்லை, வாக்கி டாக்கியில் சார்ஜ் இல்லை, தண்ணீர் பாட்டில் சீட்டில் கிடக்கிறது. ஆளைக் காணோம். ஏற்றிக்கொண்டு வரக் கார் இல்லாததால் நடந்தே கிளம்பியிருக்கிறான்.

அவன் தடத்தைப் பார்த்துக் குல் கான் எனக்கு வாக்கி டாக்கியில் சொன்னதுதான் இன்றும் காதில் கேட்கிறது. டேங்கரிலிருந்து கால்தடம் நேராகக் கூடாரத்தைப் பார்த்து வருகிறது. கொடி வரை வந்து நிற்கிறது. அங்கே அவன் கொஞ்ச நேரம் நின்று யோசித்திருக்கிறான், மணல் மிதிபட்டிருக்கிறது. பிறகு கொடி முடிகிற இடம் தேடி இடது பக்கம் திரும்பி அதை ஒட்டியே போய்விட்டான். நேராக வந்திருந்தால் பத்து நிமிட நடை. கொடியை ஒட்டிப் போனால் மேட்டின் பின்னால் இருக்கும் பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் இடம் அது, நானே ஒருமுறை அங்கே திணறியிருக்கிறேன். அந்த மெத்தென்ற மணலில் கார் கீழிருந்து ஏறாது, வெகுதூரம் சுற்ற வேண்டும். மேட்டின் உச்சியில் ஏறினால் பள்ளம் முழுக்கத் தெரியும், அங்கிருந்து காரை இறக்கவும் முடியும். ஆனால் உச்சிக்குப் போகும் வழி அந்தக் கால் படாத மணல்.

ஓடிப்போய்க் கிதாப் சாஹிப்பிடம் சொன்னேன். பக்கத்தில் இருந்த இயக்குநர் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லிக் கையால் வட்டம் போட்டார். சுற்றிப் போகச் சொல்கிறார் என்று மொழி தெரியாத எனக்கே புரிந்தது. அந்த மனிதரையும் குறை சொல்ல மாட்டேன், இரண்டு வருட உழைப்பு. சுற்றிப்போனால் எவ்வளவு நேரம் என்று கிதாப் சாஹிப் கேட்டார். தெரியாது, ஆனால் இந்த வெயிலில் அவ்வளவு நேரம் அவன் தாங்க மாட்டான் என்றேன்.

அவன் ஏன் நேராக வரவில்லை என்று கிதாப் சாஹிப் கேட்டார். கொடி இருந்ததால் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உயிர் போகிற நேரத்தில் ஒரு துணிக்கொடிக்கா ஒருவன் பயப்படுவான் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். கேன்சல் என்ற சொல்லை அவருக்கு விளக்கினேன். தாண்டினால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறோம், அவன் நம்பியிருக்கிறான் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் நேராக நடந்துபோய் முதல் கொடிக் கம்பைப் பிடுங்கிக் கீழே போட்டார். என் காரில் ஏறி உட்கார்ந்தார்.

"மாஃபி முஷ்கில். யல்லா."

உண்மையான முஷ்கில் ஒன்று வந்தபோது அவர் அதைச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். யாரும் சிரிக்கவில்லை.

நாய் போல் நான் காவல் காத்த மணல் அது. ஈ நடந்தாலும் விரட்டியிருக்கிறேன். அதன் நடுநெஞ்சில் டயரை ஏற்றினேன். உச்சிக்குப் போனதும் அவர்தான் முதலில் பார்த்துக் கை நீட்டினார். கீழே ஒரு முள்புதரின் அரைகுறை நிழலில் நீல யூனிஃபார்ம் ஒன்று கிடந்தது.

முருகேசனின் உடம்பு அடுப்புக் கல் மாதிரிச் சுட்டது. வியர்வையே இல்லை, உதடு வெடித்திருந்தது. தண்ணீரை மேலே ஊற்றினோம், அக்குளில் ஈரத்துணி வைத்தோம். கிதாப் சாஹிப் தன் சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்து அவன் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் முருகேசன் கண்ணைத் திறந்து என்னைத் தேடினான்.

"அண்ணே... நான் கொடியத் தாண்டலண்ணே."

அவன் என்ன சொன்னான் என்று கிதாப் சாஹிப் கேட்டார். சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை, ஆனால் சட்டையைப் பிடித்திருந்த கை கீழே இறங்கிவிட்டது, வெயில் முகத்தில் விழுந்து முருகேசன் கண்ணை மூடிக்கொண்டதும்தான் மறுபடி உயர்த்தினார்.

அவனைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு பள்ளத்தின் மறுமுனை வழியாகச் சுற்றி வந்தோம். குல் கான் மருத்துவமனைக்குப் பறந்தான். குளுக்கோஸ் ஏறுகிறது, பேசுகிறான், பயமில்லை என்று சாயங்காலத்துக்குள் போன் வந்தது. அதற்குள் இங்கே மேட்டின் நடுவே இரண்டு டயர் தடம் வாய்க்கால் மாதிரிக் கிடந்தது. இயக்குநர் துடைப்பம், புளோயர் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். வெயில் சாயத் தொடங்கியதும் பெருக்கின இடமெல்லாம் தேமல். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கிதாப் சாஹிப் எல்லோரையும் கூடாரத்துக்குக் கூப்பிட்டார். டிக் போட்ட கடைசிப் பக்கத்தை எடுத்தார். சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டார். அப்படி அவர் செய்து நாங்கள் பார்த்ததே இல்லை. பிறகு இயக்குநரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ பேசினார். இயக்குநர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், கடைசியில் எழுந்தார். கேமராவை டயர் தடம் தெரியாத மறுபக்கத்துக்கு மாற்றச் சொன்னார்கள். கொடிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, முருகேசனின் கால்தடத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது என்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டிரைவரின் கால்தடத்துக்கு நான் காவல் நின்றேன்.

காட்சி இதுதான். கதாநாயகன் நடந்து வருகிறான். முருகேசன் நின்று யோசித்த இடத்தில் நிற்கிறான். ஒரு பக்கம் யாரும் மிதிக்காத மணல். இன்னொரு பக்கம் அதை மிதிக்காமல் ஒதுங்கி வளைந்து போகும் ஒரு தனிக் கால்தடம். அவன் இரண்டையும் பார்க்கிறான். பிறகு அந்தத் தடத்தை மிதிக்காமல் அதன் பக்கத்திலேயே நடந்து போகிறான். ஒரே டேக். சூரியன் போய்விட்டது. கலாஸ், வேலை முடிந்தது.

படமும் புத்தகமும் ஒரே நாளில் வந்தன. முடிவுதான் இரண்டிலும் வேறு வேறு. ஏமாற்றிவிட்டார்கள் என்று புத்தகம் வாங்கியவர்கள் கோபப்பட்டார்களாம். அண்ணன் சொன்னபடி சினிமாப் பிரிவை மூடினார். கிதாப் சாஹிப் பிறகு தன் சொந்தக் காசில் சின்னப் படங்கள் எடுத்ததாகக் கேள்வி, இந்தப் பக்கம் வரவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொல்லப் பேசியபோது, வருத்தமா சாஹிப் என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அந்த டிரைவரைத் திருத்த முடியாது, அவர் நாம் சொன்னதைத்தான் செய்தார். மிச்சம் இருந்தது நான்தான்."

நிவேதா, இதுதான் நடந்தது. அதற்குப் பிறகும் நான் எத்தனையோ மேட்டில் கொடி நட்டிருக்கிறேன். கொடி கேமராவுக்குத்தான், ஆளுக்குக் கிடையாது, அவசரம் என்றால் குறுக்கே வா என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவனிடமும் நானே வாயால் சொல்லிவிட்டுத்தான் நட்டேன். நீயும் சொல்லு. திரையில் எடுத்தாலும் கீழே கேபிள் இழுக்கிறவன் ஒருவன் இருப்பான், அவனுக்கும் சொல்லு.

முருகேசன் தேறி, இங்கேயே பல வருடம் டேங்கர் ஓட்டி, வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அந்தப் படத்தை அவன் பார்த்ததே இல்லை. நீ இன்டர்நெட்டில் தேடி எடுத்துக் கொடுத்தாயே, அதை அன்றைக்கே அவனுக்கு அனுப்பினேன். மறுநாள் போன் செய்தான்.

"அண்ணே, பாத்தேன். அந்த நடிகரு நல்லா நடக்காரு. எனக்கு வலது காலு இழுக்கும்ல, அது மணல்ல கோடு கோடா அப்படியே விழுந்திருக்கு, பாத்தீகளா? வீட்டுல எல்லாருக்கும் நிறுத்தி நிறுத்திக் காட்டுனேன். நல்லவேளை அன்னைக்கு நான் குறுக்க வரல. வந்திருந்தா படமே கெட்டுருக்கும்."

எனக்கு வந்தது பார் கோபம். இத்தனை வருடம் கழித்தும் அவனுக்குப் படம் கெட்டுவிடக் கூடாது என்கிற கவலை. வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன், அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் இதைத்தான் சொன்னேன்.

"மக்கா, படம் கெட்டா கெட்டுட்டுப் போகட்டும். இனி எவன் கொடி நட்டு வச்சிருந்தாலும் நீ நேரா வா."